மாசி மாசத்துல கண்மாய்க்கரையில பாத்த பூவும் குருவியும்: தெரிஞ்சவங்க பேரு சொல்லுங்களேன்

கண்மாய்க்கரை வாசி (மதுரை)

வணக்கம் மக்களே. இதுவரைக்கும் இங்க படிச்சதோட சரி, எழுதுறது இதான் மொதத் தடவை. போன ஐப்பசியில சுகர் எகிறிப்போச்சுன்னு டாக்டர் தினம் நடக்கச் சொல்லிட்டாரு, ஜிம்முக்கெல்லாம் போற ஆளு நான் இல்ல, வீட்டுக்குப் பின்னாடியே கண்மாய் கெடக்கு, கரையில ஏறி மடை வரைக்கும் போயிட்டுத் திரும்புனா முக்கா மணி நேரம். ஆரம்பத்துல காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு பாட்டு கேட்டுக்கிட்டேதான் நடந்தேன், ஒரு நாள் அதுல சார்ஜ் இல்ல, சும்மா நடந்தா அம்புட்டு சத்தம், இத்தன நாளா இது எதையுமே கேக்காமயா நடந்தோம்னு ஆயிருச்சு. அன்னையில இருந்து ஹெட்செட் வீட்டுலதான் கெடக்கு.

இப்ப என் சந்தேகத்துக்கு வரேன். மாடு மேயுற இடத்துல ஒரு சின்னக் குருவி, ஒரு இடத்துல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, நின்னா வால மேலயும் கீழயும் ஆட்டுது. மார்கழியில பாக்கையில அழுக்கு வெள்ளையா இருந்துச்சு, இப்ப ஒண்ணு ரெண்டு நல்ல மஞ்சளா தெரியுது. ரெண்டும் ஒரே குருவியா, இல்ல மஞ்சக் குருவி புதுசா வந்ததா?

அடுத்து பூ. தண்ணி வத்துன இடத்துல தரையோட தரையா படர்ந்து ஒரு செடி, ஊதாப் பூ, நடுவுல மஞ்சளா வாழைப்பழம் மாதிரி குட்டிக்குட்டியா நிக்குது. தொடலாம்னு குனிஞ்சா இலை மேலயே முள்ளு, இலைக்கு அடியிலயும் முள்ளு. அதுக்குப் பக்கத்துலயே முழங்கால் உசரத்துல இன்னொரு செடி, அதுவும் ஊதாப் பூதான், அதுலயும் முள்ளுதான். ரெண்டும் சொந்தமா?

அப்புறம் கலுங்குப் பக்கம் (கண்மாய் நெறைஞ்சா மிச்சத் தண்ணி வெளியேறுற இடம்) ஒரு மரம், ஒரு இலை கூட இல்ல, மரம் முழுக்க சிவப்பு. விடிஞ்சா மைனா, காக்கா, கரிச்சான் எல்லாத்துக்கும் அங்கதான் சண்ட. கீழ விழுந்த பூ புலி நகம் மாதிரி வளைஞ்சு கெடக்கு.

கடைசியா ஒண்ணு, இது நடக்கையில இல்ல, வீட்டுல. பக்கத்துத் தோட்டத்துல சாயங்காலம் ஆறு மணி வாக்குல யாரோ ரெண்டு தடவ விசிலடிக்கிற மாதிரி ஒரு சத்தம், ரெண்டு மூணு நிமிசம்தான், அப்புறம் கேக்காது. எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னா "குருவின்னா குருவி, அதுக்கு என்ன ரேசன் கார்டா எடுக்கப்போற"ங்கிறாரு. அவருக்காகவாச்சும் பேரு தெரியணும்.

குளத்தங்கரை (நெல்லை)

யக்கா, உங்க ஊர்ல கண்மாய், எங்களுக்கு குளம், மத்தபடி ரெண்டு கரையிலயும் நடக்குத கத ஒண்ணுதான். மொதல்ல அந்த வாலாட்டுத குருவி. அதுக்கு பேரே வாலாட்டிதான், நீங்க சொல்லுதது மஞ்சள் வாலாட்டி. மாட்டு காலுக்குள்ளயே புகுந்து புகுந்து ஓடும், மாடு புல்ல மிதிக்கையில கெளம்புத பூச்சியப் பிடிக்கதுக்குத்தான். அது நம்மூரு குருவி கெடையாது, ஐரோப்பா, மத்திய ஆசியா, சைபீரியான்னு எங்கெல்லாமோ முட்டையிட்டு குஞ்சு பொரிச்சிட்டு, அங்க குளிர் ஆரம்பிக்கையில இங்க வந்துரும், பங்குனி சித்திரையில திரும்பிரும்.

நீங்க கேட்டதுலயே நல்ல கேள்வி அதுதான், அழுக்கு வெள்ளையும் மஞ்சளும் ஒண்ணான்னு. ஒண்ணுதான். ஊருக்குப் போறதுக்கு முன்னால சட்டைய மாத்துது. பழைய சிறகு உதுந்து புதுசு முளைக்கும், ஆணுக்கு தொண்டையில இருந்து வயிறு வரைக்கும் மஞ்சப்பொடி கொட்டுன மாதிரி ஆயிரும். பொட்டைக்கு அம்புட்டு அடிக்காது. அதனால ஒரே கூட்டத்துல ஒண்ணு பழைய துணியோடயும், ஒண்ணு பாதி மஞ்சளாவும், ஒண்ணு கல்யாண மாப்பிள்ளை கணக்காவும் நிக்கும், இந்த கூத்து மாசி பங்குனியிலதான். தலையையும் கவனிச்சுப் பாருங்க, சிலதுக்கு சாம்பல், சிலதுக்கு நல்ல கறுப்பு, எந்த சீமையில போயி முட்டையிடுங்கோ அதப் பொறுத்து மாறும்.

வாலாட்டியில வேற ஆளும் உண்டு. மொட்டை மாடியில தண்ணி டேங்க் மேல ஒண்ணு கறுப்பு வெள்ளையா, கண்ணுக்கு மேல வெள்ளப் புருவத்தோட நின்னு பாடிச்சுன்னா அது வெண்புருவ வாலாட்டி, அது இங்கயே வருசம் பூராவும் இருக்கது. கொடிக்கால் வாலாட்டின்னு இன்னொண்ணு, நல்ல மரநிழல் உள்ள தோட்டத்துலதான் தட்டுப்படும், மத்ததெல்லாம் வால மேலயும் கீழயும் ஆட்டும்னா அது மட்டும் பக்கவாட்டுல ஆட்டும். நான் அத பத்து வருசத்துல ரெண்டே தடவதான் பாத்திருக்கேன், ரெண்டு தடவையும் கையில கேமரா இல்ல, அத விடுங்க.

இப்ப தண்ணி வத்திகிட்டே வருதுல்லா, அந்த சேத்து ஓரம்தான் விசேஷம். தண்ணி நிறைய கெடந்தா நீந்துத பறவைக்குத்தான் வசதி, முழங்காலுக்கும் கீழ போச்சுன்னா நடந்து தின்னுத கூட்டம் வந்து எறங்கும். நீளமா ரோஸ் கலர் காலோட நிக்கது பவளக்கால் உள்ளான். முதுகுல உப்பு தூவுன மாதிரி புள்ளி புள்ளியா, பின்பக்கத்த ஆட்டிகிட்டே நடக்கது பொறி உள்ளான். அலகு ரெண்டும் நடுவுல ஒட்டாம இடைவெளி தெரிஞ்சா நத்தைகுத்தி நாரை, அந்த அலகு நத்தைய ஓட்டுல இருந்து உருவுததுக்கு தோதா அமைஞ்சது.

எங்க பக்கம் கூந்தன்குளத்துக்கு ஒரு தடவ வாங்க. 1994லயே சரணாலயம் ஆக்குனது, 2022ல ராம்சர் பட்டியல்லயும், அதான் உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல், சேந்தாச்சு. மங்கோலியா, திபெத் பக்கம் இருந்து இமயமலையத் தாண்டி வருத வரித்தலை வாத்த அங்க பாக்கலாம், வெள்ளத் தலையில பின்னால ரெண்டு கறுப்புக் கோடு. ஆனா மாசி கடைசிக்குள்ள வாங்க, அப்புறம் அதுவும் மூட்டைய கட்டிரும்.

ஆன்ட்ராய்டு ஆந்தை (சென்னை)

அக்கா இதுக்கு எதுக்கு இவ்ளோ கஷ்டம். மெர்லின்னு குருவி பேரு சொல்ற ஆப் போடுங்க, அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி பறவை லேப் ஓடது, ஃப்ரீ. சவுண்ட் ஐடி ஆன் பண்ணிட்டு பாக்கெட்ல போட்டா அதுவே லிஸ்ட் குடுத்துடும். பூவுக்கு ஐநேச்சுரலிஸ்ட். அந்த சிவப்பு மரம் இலவ மரம், டவுட்டே வேணாம், பிப்ரவரில இலை இல்லாம சிவப்பா பூக்குறது அதான்.

குளத்தங்கரை (நெல்லை)

தம்பி, ஆப் நல்லதுதான், நானும் வச்சிருக்கேன். ஆனா போன வாரம் எங்க தெருவுல வைரி, அதான் குருவியப் பிடிச்சுத் திங்குத வேட்டைப் பறவை, கத்துதுன்னு அது காட்டுச்சு, நானும் வேகமா மொட்டை மாடிக்கு ஏறிப்போயி பாக்கேன், கரண்டு கம்பியில ஒத்த கரிச்சான் உக்காந்து வைரி கணக்கா கத்திகிட்டு இருக்கு. மத்த குருவிய பயமுறுத்தி அது வாயில இருக்கத புடுங்கிட்டு போறதுக்கு அந்த மிமிக்ரி. ஆப்பு காதாலதான கேக்கும், கண்ணு நம்மகிட்டதான இருக்கு. மரத்தப் பத்தி எனக்குத் தெரியாது, பூவு ஆளுங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்.

ஆவாரங்காடு (கோவை)

பூவுக்கு நான் வந்துட்டேனுங்க. இருவது வருசம் பள்ளிக்கூடத்துல தாவரவியல் எடுத்தவன், அதனால கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கோங்க.

தரையோட படர்ந்து கெடக்கறது கண்டங்கத்திரிங்க. நீங்க வாழைப்பழம்னு சொன்னது மகரந்தப் பை. கத்திரி, தக்காளி, சுண்டக்கா எல்லாம் அதோட பங்காளிக. காயத் தேடிப் பாருங்க, கோலிக்குண்டு அளவுல பச்சையில வெள்ளை வரி ஓடியிருக்கும், பழுத்தா மஞ்சளாயிரும். இருமல் கசாயத்துல போடற சரக்கு அது, ஆனா படிச்சுட்டு நீங்களே பறிச்சுக் காய்ச்சீராதீங்க, சுகருக்கு மாத்திரை வேற எடுத்துட்டு இருப்பீங்க.

முழங்கால் உசரத்துல நிக்கறது நீர்முள்ளியா இருக்கோணும். கணுவுக்குக் கணு சுத்தி முள்ளு, அந்த முள்ளுக்கு நடுவுலதான் பூ ஒளிஞ்சுட்டு இருக்கும், தண்ணி நின்னு வத்தற இடத்துலதான் வரும். ரெண்டும் சொந்தமில்லீங்க, முள்ளும் கலரும்தான் ஒண்ணு, குடும்பமே வேற. பூவப் பக்கத்துல வெச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும், கண்டங்கத்திரிப் பூ நட்சத்திரமாட்ட அஞ்சு பக்கமும் ஒரே மாதிரி விரிஞ்சிருக்கும், நீர்முள்ளிப் பூவுக்கு மேலுதடு கீழுதடுன்னு வாயி பொளந்த மாதிரி இருக்கும்.

மரம் இலவு இல்லீங்க. சென்னைத் தம்பி டவுட்டே வேணாம்னு சொல்லியிருக்கறாரு, ஆனா அக்கா எழுதினதுலயே பதில் இருக்குது, புலி நகம்னு. இலவம்பூ சதைப்பத்தா, தடிச்ச அஞ்சு இதழோட கிண்ணமாட்ட இருக்கும், விழுந்தா பொத்துனு சத்தம் கேக்கும். நகமாட்ட வளைஞ்சிருந்தா அது கல்யாண முருங்கை, முள்முருங்கைன்னும் சொல்றது. சளிக்கு அடை தட்டறதுக்கு இலை பறிப்போமே அதே மரந்தான், இப்ப இலை உதுந்து கெடக்கறதால அடையாளம் தெரியலீங்க. புரசம்பூவும் இந்த வடிவத்துல வரும், அது கிளிமூக்காட்ட, நெறம் ஆரஞ்சு, கிளையில முள்ளு இருக்காது. உங்க மரத்துக் கிளையில கையை வெச்சுப் பாத்தா ஒரு நொடியில தீர்ப்பு ஆயிரும்.

முள்முருங்கை மரம் இன்னும் நின்னுட்டு இருக்கறதே சந்தோசமுங்க. இருவது வருசத்துக்கு முன்னாடி எறும்ப விடச் சின்னதா ஒரு குளவி கெளம்பி வந்து, இலையிலயும் காம்புலயும் முட்டையிட்டு முடிச்சு முடிச்சா வீங்க வெச்சு, எங்க வேலியோரம் இருந்த மரமெல்லாம் ஒண்ணொண்ணாப் பட்டுப் போச்சு. உங்க மரத்துல புது இலை துளுக்கறப்ப முடிச்சு இருக்குதான்னு பாத்து எழுதுங்க.

அந்த மரத்துச் சண்டையவும் நின்னு கவனிங்க. அதுல மைனா அளவுல, கறுப்புத் தலையும் அழுக்கு ரோஸ் உடம்புமா ஒரு கூட்டம் இருந்தா அது சூறைக்குருவி, மத்திய ஆசியாவுல இருந்து வர்றது. பூவுக்குள்ள தலையை விட்டுத் தேன் குடிச்சுட்டு வெளிய எடுத்தா நெத்தியில திருநீறு பூசின மாதிரி மகரந்தம் ஒட்டியிருக்கும், அதோட அடுத்த பூவுக்குப் போகும், மரத்துக்கு வேண்டியது அதுதானுங்க. அந்தச் செவப்பு, அவ்வளவு தேனு, இலை மறைக்காம பூக்கறது எல்லாமே பறவையக் கூப்பிடறதுக்குத்தான்.

ஒரே ஒரு யோசனை. காலையில மட்டும் போகாதீங்க, வாரத்துல ஒரு நாள் சாயங்காலமும் போங்க. விஷ்ணுகிரந்தின்னு பொட்டு அளவுல நீலப்பூ ஒண்ணு தரையில இருக்கும், அது காலையில விரிஞ்சு வெயில் ஏறினா சுருங்கிரும். துத்தி அதுக்கு நேர் எதிர், மத்தியானத்துக்கு மேலதான் மஞ்சளா விரியும், காலையில போறவங்க துத்திப்பூவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவாங்க. நெருஞ்சி வெயில்காரன், அத நீங்க பாக்காட்டியும் செருப்பு பாத்துக்கும்.

தாத்தாப்பூ (திண்டுக்கல்)

ஆவாரங்காடு ஐயா சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சு. கரை முழுக்க நீளக் காம்புல ஒத்தையா, நடுவுல மஞ்சளும் சுத்தி வெளிர் மஞ்சளுமா சின்னப் பூ நிக்குமே, அதைத்தான் சின்ன வயசுல "தாத்தா தாத்தா தலை கொடு"ன்னு சொல்லிக் கட்டை விரலால சுண்டித் தலையப் பறக்க விடுவோம். எங்களுக்கு தாத்தாப்பூ, எங்க அம்மாவுக்கு வெட்டுக்காயப் பூண்டு, எங்க வீட்டுல வாக்கப்பட்டு வந்தவங்க மூக்குத்திப்பூங்கிறாங்க. இதுக்கே வீட்டுல ஒரு பஞ்சாயத்து நடந்துச்சு. கடைசியில பாத்தா அது நம்ம நாட்டுச் செடியே இல்லையாம், அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததாம், நாம என்னடான்னா அதுக்குப் போயி மூணு பேரு வச்சிருக்கோம்.

அப்புறம் அந்த ஆறு மணி விசில். யாருமே சொல்லல? அது ஆறுமணிக்குருவி. பேரே அதான். வடக்க இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா அங்கெல்லாம் மழைக்காலத்துல குஞ்சு பொரிச்சிட்டு குளிருக்கு நம்ம பக்கம் வருது. விடியுறப்ப கொஞ்சம், பொழுது சாயுறப்ப கொஞ்சம் கத்தும், மத்த நேரம் இருக்குற இடமே தெரியாது. ஆனா பாத்தா அம்புட்டு அழகு, முதுகு பச்சை, றெக்கையில நீலம், வயிறு சந்தனக் கலரு, வாலுக்கு அடியில சிவப்பு, கண்ணு மேல கறுப்புப் பட்டை. குட்டை வாலு, கோழிக்குஞ்சு மாதிரி தரையில தத்தித் தத்திப் போயி சருகைப் புரட்டிப் புழு தின்னும். மரத்துல தேடாதீங்க, மரத்தடியில தேடுங்க.

ஆன்ட்ராய்டு ஆந்தை (சென்னை)

சரி முருங்கை தான், சாரி. அக்கா ஒரு ஐடியா, யூட்யூப்ல அந்த குருவி சத்தம் இருக்கு, போன்ல போட்டு விட்டா அதுவே வெளிய வந்துடும்.

தாத்தாப்பூ (திண்டுக்கல்)

தயவுசெஞ்சு அது மட்டும் வேணாம் தம்பி. வேற குருவி தன் இடத்துக்கு வந்துருச்சுன்னு நெனச்சு அது சாப்பாட்ட விட்டுட்டு அலையும். இன்னும் ஒண்ணு ரெண்டு மாசத்துல அது வடக்க பறந்து போகணும், இப்ப அது தின்னு கொழுப்பு ஏத்துற நேரம். பத்து நாள் அதே நேரத்துக்கு அசையாம உக்காந்தா தானா தெரியும்.

குளத்தங்கரை (நெல்லை)

பைனாகுலர் பத்தி யாரும் கேக்கல, நானே சொல்லுதேன். வாங்குனா எட்டு பெருக்கல் நாப்பத்திரெண்டுன்னு எழுதிருக்கத வாங்குங்க. எட்டுன்னா எட்டு மடங்கு கிட்டத்துல தெரியும், நாப்பத்திரெண்டு முன் கண்ணாடியோட அகலம், மில்லிமீட்டர்ல. கடைக்காரர் இருபது மடங்கு, அம்பது மடங்குன்னு ஆசை காட்டுவாரு, கையில பிடிச்சா ஆட்டத்துல கொக்கும் தெரியாது குளமும் தெரியாது. ஆனா அவசரமே இல்ல, மொத வருசம் வெறும் கண்ணே போதும். ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கி தேதி, நேரம், பாத்தது, தண்ணி எம்புட்டு கெடக்கு, இத மட்டும் எழுதுங்க. அடுத்த மாசிக்கு அத பொரட்டிப் பாத்தா மஞ்சள் வாலாட்டி என்னைக்கு கடைசியா நின்னுச்சுன்னு உங்க குளத்தப் பொறுத்தவரைக்கும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நோட்டு பழகிட்டா இ-பேர்ட்லயும், அதான் பறவைக் கணக்கு பதியுத வெப்சைட், ஏத்தலாம். வருசா வருசம் பிப்ரவரி நடுவுல நாலு நாள் உலகம் பூராவும் பறவை எண்ணுதாங்க, பதினஞ்சு நிமிசம் ஒரு எடத்துல நின்னு எண்ணுனா போதும், உங்க கொல்லைப்புறமும் கணக்குல சேரும். மதுரையில உங்களுக்கு எடத்துக்கா பஞ்சம், சாமநத்தம் கண்மாய் இருக்கு, அரிட்டாபட்டி இருக்கு. அரிட்டாபட்டிய 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுலயே அதான் மொதல். பாறையில லகடு வல்லூறுன்னு ஒரு வேட்டைப் பறவை உக்காந்திருக்குமாம், நான் இன்னும் பாக்கல, வயித்தெரிச்சலோட எழுதுதேன்.

கரையில செருப்பு போதாது, ஷூ போடுங்க. வெயில் ஏற ஏற பாம்பு வெளிய வரும்.

கண்மாய்க்கரை வாசி (மதுரை)

ஒரு வாரம் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

கலுங்கு மரத்துக் கிளையத் தொட்டுப் பாத்தேன், விரல்ல ஏறிருச்சு, ஆவாரங்காடு ஐயா ஜெயிச்சுட்டாரு. துளுரு இன்னும் விடல, விட்டதும் முடிச்சு இருக்கான்னு பாத்துச் சொல்றேன். சூறைக்குருவியும் இருக்கு, நெத்தியில மகரந்தம் தூரத்துல எனக்குத் தெரியல, ஆனா ஒரு மைனாவுக்கு மூஞ்சியெல்லாம் மஞ்சப்பொடி, அதுவே போதும்னு வந்துட்டேன். வாலாட்டி நேத்து பதினொண்ணு எண்ணினேன், மூணு மாப்பிள்ளை, மிச்சம் பழைய துணி. நோட்டு போட்டாச்சு, மளிகைக் கணக்கு நோட்டுதான், பின்பக்கத்துல இருந்து எழுதிக்கிட்டு வரேன்.

ஆறுமணிக்குருவிக்கு நாலு நாள் மாடிப்படியில உக்காந்தேன், கொசுக்கடிதான் மிச்சம். அஞ்சாம் நாள் எங்க வீட்டுக்காரர் குப்பை கொட்டப் போனவரு அப்படியே நின்னுட்டாரு, கையால சாடை காட்டி என்னைக் கூப்பிடுறாரு, போயிப் பாத்தா பக்கத்துத் தோட்டத்து சப்போட்டா மரத்தடியில சருகைப் புரட்டிக்கிட்டு நிக்குது. தலையைத் தூக்கி ஒரே ஒரு தடவ விசிலடிச்சுச்சு, உடனே இவரு போன எடுத்து மணி பாத்தாரு, ஆறு பன்னெண்டு. "பன்னெண்டு நிமிசம் லேட்டு"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாரு. இப்ப தினம் சாயங்காலம் ஆறாச்சுன்னா குப்பை இருக்கோ இல்லையோ வாளியத் தூக்கிக்கிட்டு போறாரு.

இன்னொரு சந்தேகம். மடைக்குப் பக்கத்துல தினம் ஒத்தையா ஒரு வெள்ளைக் கொக்கு, காலு கறுப்பு, ஆனா பாதம் மட்டும் மஞ்சள். ஒரு கால முன்னாடி நீட்டி சேத்துக்குள்ள விறுவிறுன்னு உதறுது. காலுல எதும் அடிபட்டுருக்குமோ?

குளத்தங்கரை (நெல்லை)

அடியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. அது சின்ன வெள்ளைக்கொக்கு, மஞ்ச பாதம்தான் அதுக்கு அடையாளம். சேத்தக் கலக்கி மீன வெளிய வரவைக்குது. இன்னும் ரெண்டு நிமிசம் நின்னிருந்தீங்கன்னா வாயில மீனோட பாத்திருப்பீங்க.